பீரோ போகும் வழி

குன்னூரில் நான் முதன்முதலாக வாடகைக்கு எடுத்த வீடு சாலையிலிருந்து அறுபது படிக்கு மேல் கீழே இறங்கிப் போக வேண்டிய வீடு. படுக்கையறை தாராளமாக இருந்தது. பீரோ வைக்க நினைத்த சுவரோரத்தை டேப் வைத்து அளந்தேன். நான்கடி இருந்தது. பீரோவின் அகலம் மூன்றடி. இடம் போதும் என்று கோயம்புத்தூரில் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

பீரோ வந்த அன்று இரண்டு பேர் அதைக் கயிறு கட்டி, ஒரு படி விடாமல் பொறுமையாக இறக்கிக் கொண்டுவந்தார்கள். வராந்தாவில் வைத்ததும் அவர்களில் மூத்தவர் கயிற்றை அவிழ்த்தார். பீரோவின் உயரத்துக்குக் கயிற்றை நீட்டிப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். பக்கவாட்டில் வைத்து இன்னொரு முடிச்சு. அந்தக் கயிற்றோடு உள்ளே போய், நடையில் கீழேயும் மேலேயும் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"திரும்பாதுங்க. பின்பக்கமா பெரிய ஜன்னல் எதுவும் இருக்குங்களா?"

"இருக்குண்ணே, ஆனா கம்பி வச்சது."

அந்த ஆண்டு மழைக்காலம் முழுவதும் பீரோ வராந்தாவில்தான் நின்றது. சாரல் பட்ட பக்கத்துக் கால்கள் துருப்பிடித்தன. அறையை அளந்த நான், அறைக்குப் போகும் வழியை அளக்கவில்லை. சமவெளியில் இந்தத் தவறு செய்தால் ஒரு மாலை வீணாகும், அவ்வளவுதான். கடை பக்கத்திலேயே இருக்கும், வண்டி வாசல் வரை வரும், மாற்றிக்கொள்ளலாம். மலையில் அப்படியில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த பொருள் அது. சாலையில் இறக்கியதற்குக் கூலி, படியில் இறக்கியதற்குக் கூலி. திருப்பி அனுப்பினால் அதே படிகளில் மேலே ஏற்ற இன்னும் கூடுதல் கூலி. அதனால்தான் நீலகிரியில் வீட்டுச் சாமான் வாங்குகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: டேப்பை அறையில் விரிக்காதீர்கள், லாரி நிற்கிற இடத்தில் விரியுங்கள்.

சாலையிலிருந்து தொடங்குவோம். படிகளின் அகலம் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும். இடைஞ்சல் தருவது படி திரும்பும் இடமும் தலைக்கு மேலே உள்ளதும்தான். ஒரு பக்கம் தடுப்புச் சுவர், மறுபக்கம் அடுத்த வீட்டுத் தகரக் கூரையின் நுனி, நடுவில் தொங்கும் மின் கம்பி. இறங்கும்போது மேலே பிடிப்பவரின் கை உயரத்துக்குப் பொருளின் பின்முனை எழும்பும். ஆகவே தலைக்கு மேலே ஏழடி இருக்கிறது என்று நிம்மதியடைய முடியாது. ஒட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும், எஸ்டேட் லைன் வீடுகளிலும் வீட்டின் முன்புறம் ஒன்றுதான் வழி. பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோகலாம் என்ற யோசனைக்கு அங்கே இடமில்லை. ஜூன் முதல் நவம்பர் வரை படிகளில் பாசி பிடித்திருக்கும். முடிந்தால் பெரிய பொருள்களை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் வரவழையுங்கள். சுமப்பவரின் கால் வழுக்கினால் போவது பீரோ மட்டுமல்ல.

அடுத்தது வாசல். "மூன்றடிக் கதவு" என்று வீட்டுக்காரர் சொல்வது பெரும்பாலும் நிலையோடு சேர்த்த அளவு. இரு பக்கமும் நிலைச் சட்டத்தின் கனத்தைக் கழித்தால் நடுவில் உண்மையாகக் கிடைப்பது 31, 32 அங்குலம்தான். கதவைத் திறந்தால் பலகையின் கனம் இன்னும் ஒன்றரை அங்குலத்தைத் தின்னும். கீலைக் கழற்றிக் கதவை எடுத்து வைத்தால் அது திரும்பக் கிடைக்கும். பழைய கல் வீடுகளில் சுவரே ஒன்றரை அடி, இரண்டடி கனம் இருக்கும். அந்த வாசல் ஒரு குட்டிச் சுரங்கம் மாதிரி. மெல்லிய சுவரில் பொருளைச் சாய்த்தும் நெளித்தும் நுழைக்கிற வித்தைகள் அங்கே செல்லாது.

இனி என் பீரோவை மடக்கிய இடத்துக்கு வருகிறேன். நடை ஒரு பக்கம் போய் நேர்க்கோணத்தில் திரும்பும் முனை. இதை அளப்பது கடினம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போதும். நடையின் அகலத்தை 2.8-ஆல் பெருக்குங்கள். பொருளைத் தரையில் கிடத்தினால் அதன் அகலம் எவ்வளவோ, அதை இரண்டு மடங்காக்கிக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் அந்த முனையில் திரும்பக்கூடிய அதிகபட்ச நீளம். திரும்புவதற்கு முன்னும் பின்னும் நடையின் அகலம் வேறு வேறாக இருந்தால், சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் சாதாரணமாக விற்கும் பெரிய இரும்பு பீரோ 78 அங்குல உயரம், 36 அங்குல அகலம், 19 அங்குல ஆழம். பக்கவாட்டில் கிடத்தினால் நீளம் 78, அகலம் 19. என் வீட்டு நடை 36 அங்குலம். 36-ஐ 2.8-ஆல் பெருக்கினால் 100.8, அதில் 38 போனால் 62.8. பீரோ 78. பதினைந்து அங்குலம் இடிக்கிறது. எத்தனை பேர் எப்படி முண்டினாலும் திரும்பாது. நடை மட்டும் 42 அங்குலம் இருந்திருந்தால்? 117.6-இல் 38 போக 79.6. திரும்பியிருக்கும், விரல் முட்டி சுவரில் உரசியபடி. ஆறு அங்குல நடைக்கு இத்தனை வித்தியாசம்.

அப்படியானால் நிமிர்த்தி நிறுத்தி நகர்த்தலாமே என்று கேட்பீர்கள். நிமிர்ந்த பீரோ எந்த முனையிலும் சுலபமாகத் திரும்பும், உண்மைதான். ஆனால் என் நடைக்கு மேலே விறகும் பழைய சாமானும் போடுவதற்காக மரப் பரண் ஒன்று அடித்திருந்தார்கள். அதன் அடிப்பாகம் தரையிலிருந்து 76 அங்குலம். அந்தப் பெரியவரின் முதல் முடிச்சு இரண்டு அங்குலம் மேலே போனது. அந்த ஒரு முடிச்சிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நிமிர்த்துவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கிடத்திக் கொண்டுவந்த பொருளை அறைக்குள் எழுப்பும்போது அதன் மூலைவிட்டம்தான் கூரையை முட்டும். முதுகில் கிடத்தி எழுப்பினால் 78-க்கு 19 பீரோவின் மூலைவிட்டம் 80.3 அங்குலம். ஏழடி உயரமும் இரண்டடி ஆழமும் கொண்ட மர அலமாரி என்றால் 84 அங்குலம் அல்ல, 87 அங்குலத்துக்கு மேல் வேண்டும். மலை வீடுகளில் கூரை சரிவானது. நடு அறையில் அண்ணாந்து பார்த்தால் பத்தடி தெரியும். சுவரோரம் போனால் ஏழடிதான் இருக்கும். அலமாரி நிற்கப்போவது சுவரோரத்தில். அங்கே அளக்க வேண்டும். எழுப்புவதை அறையின் நடுவில் செய்துவிட்டு, நின்றபடியே சுவருக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

மூன்று பேர் அமரும் சோபா பெரும்பாலும் ஏழடி நீளம், மூன்றடிக்குச் சற்றுக் குறைவான ஆழம். கிடத்திய நிலையில் அது மூன்றரை அடி நடையில்கூடத் திரும்பாது. கால்களைக் கழற்றி, ஒரு கைப்பிடி தரையில் ஊன்ற நிமிர்த்தி, முதுகும் இருக்கையும் சேரும் மடிப்பைக் கதவு நிலையில் கொக்கி போல மாட்டிச் சுழற்ற வேண்டும். கூரை உயரம் இருந்தால் இது நடக்கும். கால் கழலாத சோபாவை மலை வீட்டுக்கு வாங்கவே வாங்காதீர்கள் என்பது என் கருத்து.

வாசல் சிறியதென்றால் என்ன செய்வது என்பதற்கு நீலகிரியிலேயே மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே உள்ள தோடர் குடியிருப்பான மந்துக்குப் போனவர்கள் அந்தப் பழைய வீட்டைப் பார்த்திருப்பார்கள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்த, பாதிப் பீப்பாய் போன்ற கூரை. வாசலின் உயரமும் அகலமும் ஏறக்குறைய மூன்றடிதான். தவழ்ந்துதான் நுழைய முடியும். குளிரையும் காட்டு விலங்கையும் வெளியே நிறுத்தும் வாசல் அது. அதில் கட்டிலை எப்படி நுழைப்பது? நுழைக்கவே வேண்டாம். படுக்கும் மேடையை வீட்டோடு சேர்த்து உள்ளேயே எழுப்பிவிட்டார்கள். வீடும் கட்டிலும் ஒன்றாகவே பிறந்தவை.

இன்றைக்கும் அந்த வழி செல்லும். எட்டடிக்கு நான்கடி பிளைவுட் பலகையை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் மூன்றடி நடையில் திரும்பிவிடும். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், 96 அங்குலப் பலகைக்கு 99 அங்குலம் கிடைக்கிறது. அதே பலகையில் வெளியே செய்து கொண்டுவந்த அலமாரி திரும்பாது. ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்து, அறைக்குள் வைத்துப் பூட்டச் சொல்வது இதனால்தான். ஒரே நிபந்தனை: ஆணியடித்துப் பசை போட்டு மூடாமல், ஸ்க்ரூ கழற்றினால் பகுதி பகுதியாகப் பிரியும்படி செய்யச் சொல்லுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

பொருள் உள்ளே வந்துவிட்டது. இனி நிற்க வேண்டிய இடம். இங்கே எனக்குப் பிடித்த உதாரணம் ஊட்டி கிளப்பின் மேசை. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டு மாட்டப்பட்டது 1880-களில், ஊட்டி கிளப்பில். மலை ரயில் குன்னூரை எட்டியது 1899-இல், ஊட்டியை 1908-இல். ஆக, ரயில் வருவதற்கு முன்பே அந்த மேசை மலையேறிவிட்டது. முழு அளவு மேசை பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம். அதன் பரப்பு பலகைக்கல். பொதுவாக ஐந்து துண்டுகளாக வந்து, இடத்தில் வைத்துப் பொருத்தி, மட்டம் பார்க்கப்படுவது. கழற்ற முடியாத பொருளாக இருந்திருந்தால் அது மலைக்கு வந்தே இருக்காது.

ஆனால் நான் சொல்ல வந்தது அறையின் அளவு. பன்னிரண்டுக்கு ஆறு மேசைக்கு எத்தனை பெரிய அறை வேண்டும்? ஏறக்குறைய இருபத்திரண்டடிக்குப் பதினாறடி. ஆட்டக்காரர் எந்தப் பக்கம் நின்றாலும் ஐந்தடிக் கோலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அறையைத் தீர்மானிப்பது மேசையின் அளவு அல்ல, கோலின் அளவு. சாப்பாட்டு மேசைக்கு நாற்காலியைப் பின்னே இழுத்து எழுந்திருக்கும் இரண்டரை அடியும் பீரோவுக்குத் திறந்த கதவுமே அந்தக் கோல். கட்டிலுக்கு, இரவில் எழுந்து நடக்கிறவரின் கால்.

பத்துக்குப் பத்தடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 120 அங்குலம். 78-க்கு 60 அங்குல மெத்தை வாங்குகிறீர்கள். கட்டிலின் சட்டம் மெத்தையைவிடப் பெரியது. தலைப்பலகையோடு நீளம் 84, அகலம் 64 என்று வைப்போம். அகல வாட்டில் 56 அங்குலம் மிச்சம். தாராளம் என்று தோன்றும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிர்ச் சுவரில் 19 அங்குல பீரோவை வைத்தால் 37. பீரோவின் ஒரு கதவு 18 அங்குலம். திறந்தால் நடுவில் 19. இதுவரைக்கும் சமவெளிக் கணக்கு. மலையில் இன்னும் ஒன்றைக் கழிக்க வேண்டும்; அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஈரம். மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் நிற்கும் ஊரில் வெளிச்சுவர் குளிர்ந்து கிடக்கும். அறைக்குள் நம் மூச்சும் அடுப்பு ஆவியும் அந்தச் சுவரில் பட்டு நீராகும். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்னால் காற்று ஓடாது. இரண்டே மாதத்தில் சுவரில் கரும்பூஞ்சை. பின்பு பட்டுப்புடவையின் மடிப்பில் அதே மணம். வெளிச்சுவரை ஒட்டிப் போட்ட மெத்தைக்கும் அதே கதிதான். ஆகவே வெளிச்சுவருக்கும் பொருளுக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலம் விடுங்கள். கட்டிலுக்கு மூன்று, பீரோவுக்கு இரண்டு கழித்தால், நம் அறையில் கதவு திறந்தபின் நிற்க மிஞ்சுவது 14 அங்குலம். ஒருவர் குனிந்து அடித்தட்டிலிருந்து துணி எடுக்க அது போதாது. விடை எளிது: உள்சுவரில் வைக்க முடியுமா என்று பாருங்கள், அல்லது தள்ளுகதவு அலமாரி வாங்குங்கள், அல்லது மெத்தையைச் சிறியதாக்குங்கள். எதுவானாலும் கடையில் நிற்கும்போது எடுக்க வேண்டிய முடிவு.

ஈரம் பொருளின் அளவையும் மாற்றும். மரம் நார் ஓடும் திசையில் கிட்டத்தட்ட மாறாது. குறுக்கே விரியும், சுருங்கும். சமவெளியின் வெயிலில் காய்ந்த மூன்றடி அகலத் தேக்குப் பலகை மலை ஈரத்தில் கால் அங்குலம் வரை அகலக்கூடும். பிப்ரவரியில் வழுக்கிக்கொண்டு ஓடிய இழுப்பறை நவம்பரில் சிக்கிக்கொள்வது இதனால். நல்ல ஆசாரி இழுப்பறைக்கு இரு பக்கமும் ஒரு நூல் இடம் விடுவார். நூல் என்பது தச்சுக் கணக்கு. எட்டு நூல் ஓர் அங்குலம். இரு சுவருக்கு நடுவே ஒரு பொந்தில் அலமாரி செருகுவதாக இருந்தால், கச்சிதமாகச் செய்யச் சொல்லாதீர்கள். பக்கத்துக்கு அரை அங்குலமாவது குறைவாக இருக்கட்டும். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை பற்றி ஒரு வரி போதும்: ஓரம் ஒட்டாமல் விட்ட இடத்தில் ஈரம் ஏறினால் அது உப்பும், உப்பியது திரும்பச் சுருங்காது.

பழைய பங்களாவில் கணப்பு இருந்தால், அதிலிருந்து மூன்றடிக்குள் மரமோ துணியோ எதுவும் நிற்கக் கூடாது. அந்த மூன்றடியை அறையின் அளவிலிருந்தே கழித்துவிடுங்கள். மின் ஹீட்டருக்கும் இதே தூரம். இன்னொன்று: அலமாரி எத்தனை அழகாகப் பொருந்தினாலும் சுவரின் மேலே உள்ள காற்றுத் துளையை மூடும்படி வைக்காதீர்கள். குளிர் தாங்காமல் கரி மூட்டிய சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது; தூங்குகிறவர் எழுவதே இல்லை. மூடிய அறையில் கரி வேண்டவே வேண்டாம்.

அளக்கிற முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணி டேப் நாளானால் நீளும்; தையலுக்கு அது சரி, இதற்கு எஃகு டேப் எடுங்கள். அதன் நுனிக் கொக்கி கொஞ்சம் ஆடும். பழுதென்று நினைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடாதீர்கள். வெளியே கொக்கி மாட்டி இழுக்கும்போதும், உள்ளே சுவரில் முட்டி அளக்கும்போதும் கொக்கியின் சொந்தக் கனம் கணக்கில் சேராதிருக்கவே அந்த ஆட்டம். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பழைய சுவர் நேராக இருக்காது. தரையோரம், இடுப்பளவு, தலையளவு என மூன்று உயரத்தில் அளந்து, சிறியதை எழுதிக்கொள்ளுங்கள். தரையோரம் ஓடும் மரப்பட்டையை மறக்க வேண்டாம். அது முக்கால் அங்குலத்தைப் பிடித்துக்கொள்ளும். மூலை சரியான நேர்க்கோணமா என்று பார்க்க, ஒரு சுவரில் மூன்றடியும் மறுசுவரில் நான்கடியும் குறித்து, இரு குறிகளுக்கும் நடுவே அளந்து பாருங்கள். சரியாக ஐந்தடி வந்தால் மூலை நேர். கூடக்குறைய இருந்தால், மூலையில் செருகும் பொருளுக்கு முன்பக்கமோ பின்பக்கமோ சந்து விழும்.

தரையில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் ஒரு பக்கம் நாளடைவில் கொஞ்சம் இறங்கியிருப்பது சகஜம். அரை அங்குலச் சாய்வு போதும், பீரோவின் கதவு தானாகத் திறந்துகொள்ளும். காலடியில் கட்டை வைக்க வேண்டியிருந்தால் அந்தக் கட்டையின் உயரமும் கூரைக் கணக்கில் சேர வேண்டும்.

இணையத்தில் வாங்கினால் அளவு சென்டிமீட்டரில் இருக்கும், ஆசாரி அங்குலத்தில் பேசுவார், வீட்டுக்காரர் அடியில் சொல்வார். மூன்றையும் மனசில் மாற்றிக்கொண்டிருந்தால் எங்காவது தவறும். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்று வைத்து எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்து ஒரே தாளில் எழுதுங்கள். பெட்டியில் அடைத்து வரும் பொருளுக்குப் பெட்டியின் அளவையும் கேட்டு வாங்குங்கள். பொருளைவிட அது ஒவ்வொரு பக்கமும் சில அங்குலம் கூடுதல். நடையில் இடிக்கும் என்று தெரிந்தால் சாலையிலேயே பிரித்துவிடலாம், மழை இல்லாத நாளாக இருந்தால்.

கணக்கில் நம்பிக்கை வராதவர்கள் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஒட்டி, கிடத்திய பீரோவின் அடிப்பாகம் அளவுக்கு, 78-க்கு 19, ஓர் அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் தரையில் வைத்து நடையின் முனையில் திருப்பிப் பாருங்கள். மடங்காமல் திரும்பினால் பீரோவும் திரும்பும். அறைக்குள் அதே மாதிரி கட்டில், மேசை எல்லாவற்றுக்கும் செய்தித்தாளை விரித்து ஒரு நாள் அப்படியே விட்டுவைத்து நடந்து பழகுங்கள். எந்தத் தாள் திரும்பத் திரும்ப மிதிபடுகிறதோ, அந்தப் பொருள் அங்கே வேண்டாம்.

அந்த வீட்டைக் காலி செய்து கேத்திப் பக்கம் போனபோது, சாமானை ஏற்ற அதே பெரியவரைத்தான் கூப்பிட்டேன். புது வீட்டுக்கு அவர் முதல் நாளே வந்து பார்த்தார். இந்த முறை கயிறு தேவைப்படவில்லை. பீரோவின் முதுகில் மார்க்கர் பேனாவால் நான் எழுதி வைத்திருந்த 78, 36, 19, மூலைவிட்டம் 80.3 என்ற நான்கு எண்களை ஒரு சீட்டில் குறித்துக் கொடுத்திருந்தேன். அவர் என் டேப்பை வாங்கி வாசலில் வைத்தார், நடையில் வைத்தார், கூரைக்கு நீட்டினார். பிறகு, "நாளைக்கு ரெண்டு ஆளே போதுங்க" என்றார்.